ஏட்டு வீட்டு மாடி

நாள் முழுக்கக் கோர்ட்டில் நகலெழுதிவிட்டு வருபவனுக்குச் சாயங்காலம் ஓர் அமைதியான இடம் வேண்டுமே என்று, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் அறை பிடித்தேன். வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நம்ம வீட்டுல சாயங்காலம் ஒரு சத்தம் கேக்காது வே. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

பொறுப்பில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்கத்து அறையிலிருந்த மிஷன் பள்ளி வாத்தியார் லேசாக இருமினால் போதும், "யாரு வே சத்தம் போடுதது?" என்று கீழேயிருந்து போடும் அதட்டல் தெருமுனை வரை கேட்கும். காகங்களை விரட்டினார். மாட்டின் கழுத்து மணியைக் கழற்றச் சொல்லி வண்டிக்காரர்களோடு சண்டை போட்டார். நான் கண்ணயரும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டி, "இப்ப அமைதியா இருக்கா வே?" என்று அன்போடு விசாரிப்பார். இப்படியொரு அக்கறையுள்ள வீட்டுக்காரர் யாருக்குக் கிடைப்பார்?

தாங்க முடியாமல் வாத்தியாரும் நானும் சாயங்காலங்களில் ஆற்று மணலில் போய்ப் படுக்கத் தொடங்கினோம். துணி துவைக்கும் சத்தத்திலும் பிள்ளைகளின் கும்மாளத்திலும் சுகமாகத் தூங்கினோம்.

ஒருநாள் ஏட்டு அங்கேயே வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, இங்கன?" என்றார் வாத்தியார்.

"வீட்டுல யாருமே இல்ல வே. அந்த அமைதியில எனக்கு இருப்பே கொள்ளல."

எங்களுக்கு நடுவில் படுத்தவர், உடனே பெருங்குறட்டை விட ஆரம்பித்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நாங்கள் சத்தமில்லாமல் எழுந்து நடந்தோம். அன்றுதான் அந்த மாடியில் முதன்முதலாக நிம்மதியாகத் தூங்கினேன்.