விளக்குக்குப் பின்னால் வந்த சத்தம்

தடா பக்கத்துத் தொழிற்சாலையில் அப்போது என் வேலை இதுதான்: வண்டியில் மாட்டும் சின்ன அலாரத்தின் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கும் 'பீப்' சத்தமும் ஒன்றாக வந்தால் பச்சைத் தட்டு. ஒன்று முந்தினால் சிவப்புத் தட்டு. பக்கத்து நாற்காலியில் வெதுருகுப்பத்துப் பெண் ஒருத்தி. எங்கள் இருவரில் ஒருத்தியைத்தான் பெர்மனென்ட் செய்வோம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அவள் கை என்னைவிட வேகம். அவளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அவளாகவே வாயைத் திறந்தாள். "ஒத்தத் தலவலி வர்ச்சே எல்லாம் தப்பாத் தெரியுதுக்கா. லைட்டு மொதல்ல வருது, சத்தம் அப்பால வருது. யார்கிட்டயும் சொல்லிடாதக்கா."

எனக்கும் அதே தலைவலி, அதே கோளாறு, பத்தாம் வகுப்பிலிருந்து. வயிறு காய்ந்தால் அது வந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

புரட்டாசி பிறந்தது. எங்கள் பக்கத்தில் சனிக்கிழமை ஒரு பொழுது இருப்பார்கள்; பகலெல்லாம் பட்டினி, சாயங்காலம் பெருமாளைக் கும்பிட்ட பிறகுதான் சோறு. யாரைப் பெர்மனென்ட் செய்வது என்று பார்க்கும் டெஸ்டை சூப்பர்வைசர் ஒரு சனிக்கிழமையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் ஒரு பொழுது இருக்கலாம் வா. உன் தலவலிய பெருமாள் பாத்துப்பாரு" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது.

அன்று பதினோரு மணிக்குக் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, துப்பட்டாவுக்குள் ஒளித்து வந்த பன்னைத் தின்றேன். நாற்றம்கூட உறைக்கவில்லை.

மதியம் அவள் ஒரு கண்ணை இடுக்க ஆரம்பித்தாள். நல்ல அலாரங்கள் வரிசையாகச் சிவப்புத் தட்டில் விழுந்தன. "இன்னாமா, தூங்கிக்கினு வேலை செய்றியா?" என்று சூப்பர்வைசர் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் சந்தோஷமாகவே. இன்று அதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் கேட்டருகே காத்திருந்து என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். அவள் முகம் பாதி வீங்கியிருந்தது.

"புளிசோறுக்கா. ரெண்டு பேருக்கும் சேத்துதான் கட்டியாந்தேன். எனக்கு வாந்தி வருது, துன்ன முடியாது. எனக்கோசரம் நீயும் நாளெல்லாம் பட்டினி கெடந்தியே, நீயாச்சும் சாப்புடு."

பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டு முடித்தேன்.