முள்ளெடுத்த டொக்டர்

தோட்டவெளிக் கிராமத்திலிருந்து அந்த நாயைச் சாக்கில் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். முன்னால் வந்தவர் சம்மாட்டி, கரைவலைக்குச் சொந்தக்காரர். பின்னால் நின்றவர்தான் நாய்க்காரர். சம்மாட்டியின் வலையில் கூலிக்கு இழுப்பவர், அவர் சொல்லுக்கு மறுசொல் பேசாதவர். நான் மன்னாரில் மிருக வைத்தியராகப் பொறுப்பேற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

நாயின் பின்தொடையில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். வலை இழுக்கும்போது தண்ணீருக்குள் நிற்கிற நாய், அதனால் திருக்கை மீனின் முள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். திருக்கை குத்திய மனிதருக்குச் செய்வதுபோலச் சுடுமணலைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, அமத்திப் பிசைந்தும் இருக்கிறார்கள். ஒத்தடம் கொடுத்ததும் வீங்கும், பிறகு வற்றும். விஷம் இறங்குகிறதென்று மறுபடியும் ஒத்தடம். இப்போது புண்ணாகிவிட்டது. விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம், ஊசி போட்டுக் கொன்றுவிட வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் அந்தச் சீவனை வேகவைத்துவிட்டு என்னிடம் கொலைக்கு வந்திருக்கிறார்கள். முடியாது என்றேன்.

வெறும் ஊசியை வீக்கத்துக்குள் குத்தி, அகப்பட்டதைக் கண்ணாடித் தட்டில் பரப்பிக் காயவைத்து, சாயத்தில் தோய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்தேன். வட்ட வட்டமான உயிர்க்கலங்கள், உள்ளே ஊதாக் குருணிகள் அப்பிக் கிடந்தன. முள்ளல்ல, புற்றுநோய்க் கட்டி. சூடு பட்டாலும் பிசைந்தாலும் அந்தக் கலங்கள் குருணியைக் கக்கும், அது பட்டுத்தான் வீங்கி வற்றியிருக்கிறது. தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவிலும் குத்திப் பார்த்தேன். அங்கே பரவியிருக்கவில்லை. வெட்டி எடுத்தால் பிழைக்கும்.

“நான் எத்தனை திருக்கை கண்ட ஆள். இது முள்ளுத்தான் பிள்ளை,” என்றார் சம்மாட்டி. வந்து பாருங்கள் என்றேன், அசையவில்லை. நாய்க்காரரைக் கதிரையில் இருத்திப் பார்க்கவைத்தேன். கனநேரம் குனிந்தபடியே இருந்தார். வெட்டட்டுமா என்று கேட்டதற்கு ஓம் என்று தலையாட்டினார்.

சுற்றியிருந்த நல்ல தோலையும் தாராளமாகச் சேர்த்து வெட்டினேன். நாய் பிழைத்தது. ஆனால் எனக்கு வந்த பெயர் ‘முள்ளெடுத்த டொக்டர்’! கேட்கக் கேட்க எரிச்சல். இல்லை, கட்டி என்று கண்டவரோடெல்லாம் சண்டை பிடித்தேன்.

ஒருநாள் மீன் சந்தையில் சம்மாட்டி நாலுபேரைக் கூட்டிவைத்து முள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்குமுன், மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நாய்க்காரர் நிமிர்ந்தார். நாய் அவர் காலடியில் நின்றது.

“முள்ளில்லை, சம்மாட்டியார். நான் என்ரை கண்ணால கண்டனான்.”