அண்ணி அடித்துக்கொண்ட மூன்று சென்ட்டுகள்

புதுச்சேரியில் ஒரு கடையில் பெண்களுக்கான வெளிநாட்டு சென்ட் விற்கிறேன். வெள்ளைக் காகிதத் துண்டில் அடித்து, வருகிறவர்களின் மூக்கருகே நீட்டுவது என் வேலை. எனக்கு இவற்றின் மேல் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. ரோஜா என்று போட்டிருப்பது முதலில் ரோஜாதான்; ஒரு மணி நேரம் போனால் சோப்புப் பெட்டி. வனிலா கலந்தது எல்லாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து. கருப்புப் பாட்டிலில் வரும் ஒன்று மட்டும் பிடிக்கும். மழை விட்டதும் வேப்பமரத்தடியில் நிற்கிற மாதிரி லேசாகக் கசக்கும். அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. அமோகமாகப் போவது, அட்டையில் ‘கடல் உப்பு’ என்று அச்சடித்து வருகிற ஒன்று. மரக்காணத்துக்காரி நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு விற்கிறேன். உப்புக்கு ஏது வாசனை? உப்பளத்தில் நாறுவது பாத்திச் சேறு.

அந்தச் சேற்றில்தான் என் அண்ணன் மனைவி உப்பு வாரிக்கொண்டிருந்தார். அண்ணிக்குச் சர்க்கரை வியாதி. குதிகாலில் புண். உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் எப்படி ஆறும்? இனிமேல் பாத்தியில் இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் உட்கார வசதியில்லை. குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி மடிக்கவும் படுக்கை விரிக்கவும் ஆள் தேடுகிறார்கள் என்று என்னோடு பஸ்ஸில் வரும் பெண் சொன்னாள். அண்ணியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் சென்ட் அடிக்காமல் படியிறங்க மாட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குச் சாம்பார் மணம் தெரியக் கூடாது, அதுதான் மரியாதை. வேலை கேட்கப் போகிற அன்று காலை நான் குளிக்கப் போன நேரம், என் பையிலிருந்த சாம்பிள் பாட்டில்களை எடுத்து முந்தானைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று அடித்துக்கொண்டு அண்ணி தயாராக நின்றார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

“இன்னா அண்ணி, பஸ்ஸையே தூக்குது!”

“சும்மா இரு. சேத்து நாத்தம் அடிச்சா எவ வேல குடுப்பா?”

பொம்மையார்பாளையத்தில் இறங்கி அவர் ஷேர் ஆட்டோ பிடித்தார். நான் கடைக்குப் போனேன். மதியம் போன் வந்தது. ஒரே அழுகை. அங்கே தங்குகிறவர்களுக்கு சென்ட் ஆகாதாம், தலைவலி வருமாம். மேனேஜர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று அனுப்பிவிட்டாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு சொல்லிவிட்டு நேரே அங்கே போனேன். காலையிலிருந்து கடையிலிருக்கிற அத்தனை சென்ட்டும் பட்ட கை, பட்ட சுடிதார். கோபத்தில் அது உறைக்கவே இல்லை. கேட்டைத் தாண்டி நாலடி வைப்பதற்குள் மேனேஜர் அம்மா தும்மினார்.

“ஐயோ, அங்கியே நில்லுங்க! வெளிய நின்னு பேசுங்க!”

வெளியே முந்திரி மரத்தடியில் நின்று கத்தினேன். “மேடம், காலைல எங்க அண்ணி வந்தாங்களே, அந்த சென்ட் என்னுதுங்க! அவங்க கல்யாணத்துக்குத் தவிர போட மாட்டாங்க. உங்களுக்கு மரியாதை குடுக்கத்தான் போட்டுக்கினாங்க. அவங்களுக்குக் கால்ல புண்ணுங்க. திரும்ப உப்பளத்துல எறங்கினா கால் போயிடும்.”

அவர் தும்மினார். நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். தோட்டத்தில் படித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலியோடு எழுந்து உள்ளே போனார். போச்சுடா என்று நினைத்தேன்.

மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு அவங்கள வரச் சொல்லுங்க. தலைக்குக் குளிச்சிட்டு, ஒண்ணும் போடாம வரட்டும். நீங்க மட்டும் தயவுசெஞ்சு வராதீங்க.”

அண்ணி இப்போது அங்கேதான் வேலை செய்கிறார். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவர் முன்னால், நான் கடைசி சீட்டில். என் வாசனை அவர் புடவையில் ஒட்டிவிடக் கூடாதாம். முதல் நாள் அப்படித் தள்ளி உட்காரச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது.

“கோச்சிக்காதம்மா” என்றார்.

பின்னால் போய் உட்கார்ந்தேன். இப்போது பழகிவிட்டது. பொம்மையார்பாளையத்தில் அவர் இறங்குவதை அங்கிருந்தே பார்க்கிறேன். கம்பியைப் பிடிக்காமல், நொண்டாமல் இறங்குகிறார்.