காணிப்பாக்கத்துல ஒரு ஜெட் போட்

செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டிக்குப் பூஜை போடலாம்னு இன்னைக்குக் காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்குப் போனேன்.

வரிசையில காருங்க நடுவுல, ட்ரெய்லர் மேல ஒரு சின்ன ஜெட் போட் நின்னுகினு இருந்துச்சு. பம்ப்பால தண்ணிய இழுத்து பின்னாடி பீச்சிகினு ஓட்ற போட். புத்தம் புதுசு. மூஞ்சியில சாமந்தி மாலை, ட்ரெய்லர் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம்.

ஸ்கூட்டிய உட்டுட்டு அங்க போய் நின்னுட்டேன்.

பூசாரி எல்லா வண்டிக்கும் சொல்ற மாதிரியே, "ஸ்டார்ட் பண்ணுங்க"ன்னார். ஓனர் சாவி மேல கைய வெச்சிட்டார்.

"வேணாம்ண்ணா! தண்ணியில்லாம ஓட்னா பம்ப் போயிடும்!"னு கத்திட்டேன்.

ஓனருக்குக் குப்பம் டவுனு. "இதான் என் மொதோ போட். வேற என்னா பாக்கணும், சொல்லுங்கண்ணா"ன்னார்.

கேக்கணுமா?

"தண்ணியில எறக்கறதுக்கு முன்னாடி மாலையக் கழட்டிடுங்க, பம்ப் உள்ள இழுத்துக்கும். ஆழமில்லாத எடத்துல ஓட்டாதீங்க, மணல் ஏறிடும். எதிர்ல ஏதாச்சும் வந்தா பயந்துகினு ஆக்ஸிலேட்டர உட்றாதீங்க. உட்டா போட் திரும்பாது. குடுத்துகினேதான் திருப்பணும்."

"நீங்க எத்தினி வருஷமா ஓட்றீங்க?"

வேற எடமா இருந்தா அஞ்சு வருஷம்னு அடிச்சு உட்டிருப்பேன். இது காணிப்பாக்கம். பொய் சொன்னா சாமி உடாதுன்னு, ஜனங்க சத்தியம் பண்ண வர்ற எடம்.

"ஏறினதே இல்லண்ணா. எட்டு வருஷமா வீடியோ பாக்கறேன்."

அவர் சிரிக்கல. மாலையக் கழட்டி என் கையில குடுத்தார். ஒருவாட்டி ஏறி ஒக்காரச் சொல்வார்னு நின்னுகினே இருந்தேன். பின்னாடி கார்காரர் ஹாரன் அடிச்சிட்டார்.

இப்ப புத்தூர்ல, எங்க வாசல்ல, என் ஸ்கூட்டி போட் மாலைய போட்டுகினு நிக்குது.

யார்னா போட் வாங்கினா சொல்லுங்கப்பா. மாலைய நானே வாங்கினு வரேன், கழட்டறதும் நானே.