அடுப்பை எண்ணினோம், ஆளை விட்டோம்

“போன மாசம் வந்தவை எண்ணிக்கொண்டு போச்சினம். அதுக்கு முந்தி வந்தவையும் எண்ணிக்கொண்டு போச்சினம். இப்ப நீங்களும் எண்ணுங்கோ. எண்ணி முடிய எங்கட கூரை ஒழுகிறது நிண்டுடுமோ?”

அகதி முகாமில் தேவைக் கணக்கெடுக்கப் போகிறவளுக்கு இங்கிலீஷ் தெரிந்திருப்பதைவிட, செருப்பைக் கழற்றும் முன்பே திட்டு வாங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முன்னது உண்டு, பின்னது கிடையாது. “எண்ணாட்டாலும்தான் நிக்காது. மொத்தம் எத்தனை பேர், அதைச் சொல்லும்மா” என்று நானும் அதே குரலில் கத்தினேன்.

திட்டியவள் பெயர் பவளராணி. திருகோணமலைக்காரி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பக்கத்து முகாமில், பத்துக்குப் பத்து அறை ஒன்றில், கணவனோடும் பிளஸ் டூ படிக்கும் மகளோடும் பதினாறு வருடமாக இருப்பவள். 2006-இல் அங்கே மறுபடி சண்டை மூண்டதும் அவள் தங்கை ஜெயந்தி, கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு படகேறிவிட்டாள். ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கடைசியில் அக்கா வீட்டில் வந்து சேர்ந்தாள். கைக்குழந்தையோடு சேர்த்து ஏழு பேர். குறுக்கே ஒரு சேலை. சேலைக்கு இந்தப் பக்கம் அக்கா குடும்பம், அந்தப் பக்கம் தங்கை குடும்பம்.

நான் மீஞ்சூரில் குடித்தனம் செய்பவள். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு பகலெல்லாம் டிவியோடு அழப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தவளை, கான்வென்ட்டில் படித்தவள், படிவம் நிரப்புவாள் என்று சென்னைத் தொண்டு நிறுவனம் ஒன்று பிடித்துப் போட்டது. துணைக்குக் கவரைப்பேட்டை கஸ்தூரி. ஊரில் பால்வாடி நடத்தியவள், யாருக்கும் பயப்படாதவள். புதிதாக வந்தவர்களில் தனி வீடு இல்லாத குடும்பத்துக்கெல்லாம் மழை பிடிக்கும் முன் தகரக் கூரையோடு ஓர் அறை கட்டித் தருவது திட்டம். யாருக்கு அறை, யாருக்கு இல்லை என்று எங்கள் படிவம்தான் சொல்லப்போகிறது. கையில் அட்டையும் பேனாவுமாக அடுத்தவர் வாசலில் நின்ற சக பாவிகளே, அந்தக் கெத்து உங்களுக்கும் இருந்திருக்கும். எனக்கு அது ஐந்து நிமிடம் இருந்தது. அதற்குள் கஸ்தூரி என் காதோரம் சொல்லிவிட்டாள்: “அவங்க கேக்கறதுல இன்னாக்கா தப்பு கீது? நம்ம மூணாவது பார்ட்டி.”

குடும்பம் என்றால் என்ன?

இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சென்னையில் ஒரு நாள் பயிற்சி. ஏசி அறை, ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். திட்ட அலுவலர் என் மூத்த மகனைவிட நாலு வயது பெரியவராக இருப்பார். எல்லாரும் ‘சார்’ என்றதால் நானும் சார் என்றேன். போர்டில் பெரிதாக ஓர் அடுப்புப் படம் வரைந்தார். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இரண்டு அடுப்பு எரிந்தால் இரண்டு குடும்பம். ரத்த உறவெல்லாம் கேட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அடுப்பை மட்டும் எண்ணுங்கள் என்றார்.

நான் கையைத் தூக்கினேன். கான்வென்ட் பழக்கம், சந்தேகம் வந்தால் கை தானாக மேலே போகும். “எங்க வீட்டில கேஸ் அடுப்பு ஒண்ணு, கேஸ் தீர்ந்தா மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒண்ணு. நானும் எங்க வீட்டுக்காரரும் ரெண்டு குடும்பமா சார்? சில நாள் அப்படித்தான் இருக்கு” என்றேன். அறையே சிரித்தது. சார் சிரிக்கவில்லை. வாட்சைப் பார்த்தார்.

“மேடம், டெஃபினிஷனோட சண்டை போடாதீங்க. லஞ்ச் வந்துடுச்சு.”

தாழ்ப்பாள் உண்டா, இல்லையா?

படிவத்தில் பதினெட்டாவது கேள்வி: ‘குளியலறைக் கதவில் உட்புறத் தாழ்ப்பாள் உள்ளதா?’ எந்த ஊரில் உட்கார்ந்து யார் எழுதியதோ. முகாமில் குளியலறை என்பது நாலு கழி, மூன்று சேலை. நாலாவது பக்கத்துக்கு ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாள். அவள் குளிக்கும்போது இவள் நிற்க வேண்டும். விடிவதற்குள் எல்லாப் பெண்களும் குளித்து முடித்துவிட வேண்டும், ஏனென்றால் விடிந்ததும் ஆண்கள் வேலைக்குக் கிளம்பி அந்த வழியாகத்தான் ரயிலுக்குப் போவார்கள்.

இருபது வீட்டில் இந்தக் கேள்வியை வாய் கூசாமல் கேட்டேன். வேலை என்றால் வேலை. இருபத்தொன்றாவது வீட்டில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் உண்டா என்றேன். அவள் நிமிரவேயில்லை. துணியைக் கல்லில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். எனக்கென்று விழுந்த அடி என்று தெரிந்தது.

“முதல்லை கதவை எழுதுங்கோ மிஸ். தாழ்ப்பாளை நாங்கள் பிறகு பாப்பம்.”

ஒன்றுதான் இருக்கு

பவளராணி வீட்டுக்கு வருகிறேன். அவள் திட்டி முடித்த பிறகு, மகளை அனுப்பித் தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அவர்கள் கோபத்துக்கும் தேத்தண்ணிக்கும் சம்பந்தம் கிடையாது. அன்று எங்களோடு சாரும் வந்திருந்தார், கழுத்தில் கேமராவோடு. கைக்குழந்தை போக ஆறு தட்டும் ஒரே அடுப்பைச் சுற்றி வட்டமாக இருந்ததைப் பார்த்து, “பியூட்டிஃபுல்” என்று படம் எடுத்துக்கொண்டார்.

“அடுப்பு எத்தனை?” என்றேன்.

“ஒண்டுதான்” என்றாள் பவளராணி.

ஜெயந்தி சேலைக்கு அந்தப் பக்கம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் தலைக்கு மேலே கூரையில் தார் அட்டை பிய்ந்து வானம் தெரிந்தது. “தங்கச்சி தனியாச் சமைக்கலையா?” என்று இன்னொரு தடவை கேட்டேன். பவளராணிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாற்போல் பார்த்தாள். ‘1’ என்று எழுதினேன். சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த அழகான கையெழுத்தில், பெட்டிக்கு வெளியே ஒரு கோடு போகாமல் எழுதினேன். அப்போது அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“கடல் தாண்டி வந்த பிள்ளையை வேற உலை வைக்கச் சொல்லுறது, வெளியில போ எண்டு சொல்லுற மாதிரி அக்கா.”

கரி படியாத கல்

மறுநாள் முகாமே மாறிப் போயிருந்தது. குழாயடியில் செய்தி பரவிவிட்டது: அடுப்பைத்தான் எண்ணுகிறார்களாம். எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டு அடுப்பு. இரண்டாவது அடுப்பு என்பது மூன்று செங்கல். மேலே ஒரு காலிச் சட்டி. கஸ்தூரி குனிந்து விரலால் தடவிப் பார்த்து, “செங்கல்லு இப்பத்தான் சூளைல இருந்து வந்த மாதிரி கீதுக்கா. ஒரு பொட்டு கரி ஒட்டல” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். பொய் என்றால் எனக்கு ஆகாது. வாசலில் நின்றிருந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். அந்த முகாமில் முக்கால்வாசி ஆண்களைப் போல அவரும் பெயின்டர்; விரல் இடுக்கெல்லாம் டிஸ்டெம்பர். “படிச்சவ மாதிரி தெரியலையா நான்? இதை அடுப்புன்னு என் தலையில கட்டறீங்களா?” என்று கத்தினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் அவர் குடும்பம் ஒரு மூலையில், படகில் வந்த தம்பி குடும்பம் இன்னொரு மூலையில். இரண்டு குடும்பம் என்பது நிஜம். அடுப்பு மட்டும்தான் பொய். பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு ‘2’ என்று எழுதினேன். அவர் என் கோபத்துக்குக் கொஞ்சமும் அசரவில்லை.

“ஒரு நாள் முந்திச் சொல்லியிருந்தால் கரியும் பூசி வைச்சிருப்பம் மிஸ். எங்கட தொழிலே அதுதானே.”

மூன்று செங்கல் வைக்கச் சொன்னேன்

அன்று மதியமே பவளராணியிடம் ஓடினேன். முந்தின நாள் நிஜம் சொன்னவள் அந்த வரிசையிலேயே அவள் ஒருத்திதான். அவள் வீடு ஒரே குடும்பம் என்று பதிந்தால், ஏற்கெனவே வீடு இருக்கிற குடும்பம் என்று ஆகிவிடும். ஜெயந்திக்கு அறை கிடையாது. வாழ்நாளில் ஒரு தடவை கூடப் பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்க்காத நான், அவளைத் தனியே கூப்பிட்டு, “மூணு செங்கல் வைம்மா. நான் ரெண்டுன்னு திருத்திக்கிறேன்” என்றேன்.

“தங்கச்சி பாத்துக்கொண்டிருக்கேக்கை எப்பிடி அக்கா வைப்பன்?” என்றாள். முடியவே முடியாது என்று தலையாட்டிவிட்டாள். ‘1’-ஐ அடிக்க எனக்கும் கை வரவில்லை. ஆகவே படிவத்தின் அடியில், வெற்றிடத்தில், இங்கிலீஷில் எழுதினேன்: அடுப்பு ஒன்று, குடும்பம் இரண்டு, ஆட்கள் ஏழு, கைக்குழந்தை மேல் கூரை ஒழுகுகிறது, தங்கைக்குத் தனி அறை அவசியம். அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு.

அடுத்த வாரம் பட்டியலை முகாம் வாசலில் ஒட்டினார்கள். செங்கல் வைத்தவர்களுக்கெல்லாம் அறை. ஜெயந்தி பெயர் இல்லை. பொதுத் தொலைபேசியிலிருந்து சாரைப் பிடித்தேன். அடியில் எழுதியதைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். படித்தாராம். நல்ல இங்கிலீஷாம்.

“ஆனா மேடம், சாஃப்ட்வேர்ல அதைப் போட இடமில்லையே.”

இப்ப ரெண்டு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தொழிற்பேட்டைத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து முகாமுக்குள் கணுக்கால் உயரம் நின்றது. நானும் கஸ்தூரியும் யாரும் அனுப்பாமல் போனோம். தூரத்திலேயே புகை தெரிந்தது. பவளராணி வீட்டுக்கு வெளியே, சுவரோரம், ஜெயந்தி மூன்று செங்கல் வைத்து ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் குடை. குடை அடுப்புக்கு, குழந்தைக்கு அவள் முந்தானை. தன் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று குழாயடியில் யாரோ விளக்கிவிட்டார்கள். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுநாளே தனி உலை வைத்துவிட்டாள்.

உள்ளே பவளராணி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தேத்தண்ணி இல்லை. அக்காவும் தங்கையும் பேசி எட்டு நாளாயிற்று என்று மகள் சொன்னாள். சண்டையும் கடலும் பிரிக்காததை எங்கள் பெட்டி போட்ட காகிதம் பிரித்துவிட்டது. “கொடுமையா கீதே” என்று கஸ்தூரி முனகினாள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். பவளராணி திரும்பாமலே சொன்னாள்:

“இப்ப ரெண்டு அடுப்பு இருக்கு. சந்தோசம்தானே அக்கா? எழுதிக்கொண்டு போங்கோ.”

கடைசிக் கூட்டம்

எழுதிக்கொண்டுதான் போனேன். அதே ஏசி அறை. திட்டம் நிறைவு பெற்றதைக் கொண்டாட டீ, பிஸ்கட். சார் திரையில் படம் போட்டுக் காட்டினார். முதல் படமே பவளராணியின் அடுப்பு. சுற்றிலும் ஆறு தட்டு. ‘பகிர்ந்து உண்ணும் பண்பாடு’ என்று கீழே தலைப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். யாரோ, காலண்டருக்குப் போடலாம் என்றார்கள்.

இந்தத் தடவை கை தூக்கவில்லை. எழுந்தே நின்றேன். புதுப் படிவத்தை மேஜைமேல் வைத்து, இந்த அடுப்புக்குப் பக்கத்தில் இப்போது இன்னோர் அடுப்பு எரிகிறது, உங்கள் கணக்குப்படியே இரண்டு குடும்பம், ஆகவே ஓர் அறை பாக்கி என்றேன். ஒருவர் டீயில் நனைத்த பிஸ்கட் உள்ளே விழுந்துவிட, ஸ்பூனால் அதைத் தேட ஆரம்பித்தார். இன்னொருவர் ஏசியைக் குறைக்கச் சொன்னார். சார் அடுத்த படத்துக்குப் போனார். அது முகாம் வாசலில் நானும் கஸ்தூரியும் அட்டையோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

முன்பின் தெரியாத பெண்களிடம் எங்கே குளிக்கிறாய், எதில் சமைக்கிறாய், எத்தனை பேர் எப்படிப் படுக்கிறீர்கள் என்றெல்லாம் வெட்கமில்லாமல் கேட்டு ஒன்று விடாமல் பதில் வாங்கி வந்த நான், அந்த அறையில் திரும்பத் திரும்ப மூன்று தடவை கேட்டது இது ஒன்றைத்தான்: “ஜெயந்திக்கு ஓர் அறை கொடுங்கள்.”