போன் வயர் இல்லாத கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் வேலை பார்த்தேன். மையத்துக்கு வெப்சைட் செய்தவள் நான்தான் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் பதிவு எண், வயது, படிப்பு, நட்சத்திரம் மட்டும் இருக்கும். பெயரும் விலாசமும் தனி ஃபைல். ஆனால் இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருந்தேன். போன் வயர் வழியே வரும் இணைப்பு பாதியில் அறுந்து அறுந்து எரிச்சலாகும் என்பதால் ஃபோல்டரை அப்படியே வெப்சைட்டில் ஏற்றிவிடுவேன். விலாசப் பட்டியலுக்குப் போக பக்கத்தில் வழியே வைக்கவில்லையே, யார் கண்ணில் படப்போகிறது என்ற மிதப்பு. ஃபைலின் பெயரை ஊகித்து அடித்தாலே பட்டியல் முழுதும் திறந்துவிடும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

ஒருநாள் காலை ஒருவர் வந்தார். சலவைச் சட்டை, தணிந்த குரல். பிரிண்ட் எடுத்த தாளை என் மேசையில் விரித்தார். எங்கள் விலாசப் பட்டியல். ஒரு வரியின்கீழ் பேனாவால் கோடு இழுத்திருந்தார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர், ரத வீதி, பால்கோவா கடைக்கு எதிர்ச் சந்துன்னு போட்டிருக்கு. அங்கன பாத்த பக்கமெல்லாம் பால்கோவா கடைதான். எந்தக் கடைம்மா?"

எங்கள் ஊர்ப்பக்கம் விலாசம் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னபடியே நான் அடித்திருந்தேன்.

"இவிய ஒங்களுக்கு யாரு?" என்றேன்.

"எம் பொஞ்சாதிதான். கோவிச்சுக்கிட்டு வந்துட்டா." சிரித்தார்.

 கோடு இழுத்திருந்த பெயர், புருஷனின் அடி தாங்காமல் விவாகரத்து வாங்கி வந்த டீச்சருடையது. மறுமணத்துக்குப் பதியும்போது, "விலாசத்த மட்டும் யாருக்கும் குடுத்துராதிய" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார்.

"அவிய சோழபுரத்துக்கு வீடு மாத்திட்டாவ" என்றேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நேர் எதிர்த்திசை.  அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

கதவைத் தாழிட்டு இணைப்புக்கு முயன்றேன். மூன்றாவது முறைதான் கிடைத்தது. ஃபைலை அழித்தேன். அவர் சட்டைப்பையில் இருந்த தாளை எதைக் கொண்டு அழிப்பது? ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் ஏறுகிறாரா என்று முகங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். அவ்வளவு பயத்தை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய் முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

மறுநாளே ஒரு பழைய கம்ப்யூட்டரை உள்ளறைக்கு இழுத்தேன். பெயரும் விலாசமும் இனி அதில் மட்டும். வெப்சைட்டுக்கு வேண்டிய நான்கு விவரங்களை மட்டும் பிளாப்பி டிஸ்கில் எடுத்து இணைப்புள்ள கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோவேன்.

மூன்றாம் நாள் டீச்சர் வந்தார், கையில் ஒரு துணிப்பெட்டியோடு. உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இதுக்குப் போன் வயரே கிடையாது டீச்சர். வெளிய இருந்து ஒருத்தரும் தொட ஏலாது."

"இதுலயும் எம் பேர அழிச்சிருங்க" என்றார்.

அவர் கண்முன்னேயே அழித்தேன். "வரன் வந்தா எங்க தகவல் சொல்லட்டும்?"

"எங்க இருக்கேன்னு ஒங்ககிட்ட ஒருக்கா சொன்னேம்லா" என்றார், பெட்டியைத் தூக்கியபடி. "இனி சொல்ல மாட்டேன்."