பட்டனில் செருகிய வாக்குத்தத்தம்

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், என் இடது கையுறையின் இரண்டு விரல்கள் பிரஸ் மிஷினுக்குள் நசுங்கின. கையுறையின் விரல்கள்தான். என்னுடையவை அல்ல. தரையில் உட்கார்ந்து என் விரல்களை எண்ணினேன். நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினேன்.

புனே பக்கம் பிம்ப்ரியில் ஒரு சின்னப் பட்டறையில் ஆறு வருடமாகத் தகடு அடிக்கிறேன். கீழே டை என்று சொல்லும் அச்சில் தகட்டை வைத்தால், மேலிருந்து இரும்பு இறங்கி வளைக்கும். மிஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் இரும்பு இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்காது அல்லவா, அதற்குத்தான். ஆனால் எங்கள் சூப்பர்வைசருக்கு வேகம் வேண்டும். ஒரு பட்டனில் அட்டையைச் செருகி, அது அமுங்கியே இருக்கும்படி செய்யச் சொல்வார். பிறகு ஒரு கை தகடு வைக்கும், மற்ற கை அடிக்கும்.

எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மற்றவர்கள் தீப்பெட்டி அட்டையைச் செருகினார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? புதுவருட ஆராதனையில் நம் சபையில் கொடுத்த வாக்குத்தத்த அட்டையை மடித்துச் செருகினேன். கர்த்தர் காப்பார் என்ற வசனம். நல்ல கெட்டியான அட்டை. வார்த்தையே மிஷினில் இருக்கும்போது எனக்கென்ன பயம் என்று நினைத்தேன். தினமும் காலையில் அதைத் தொட்டு, "ஆண்டவரே, என் கையைக் காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்த பிறகுதான் வேலையை ஆரம்பிப்பேன். சிரிக்காதீர்கள். எனக்கு அது விசுவாசமாகத்தான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கத்து மிஷின் சுனந்தா ஏதோ கேட்டாள். திரும்பிப் பதில் சொல்லும்போதே என் வலது கை பட்டனை அமுக்கிவிட்டது. இடது கை இன்னும் டைக்குள். எப்படி இழுத்தேன் என்று தெரியாது. கையுறை ஒரு சுற்றுப் பெரியது, கழன்று உள்ளே மாட்டிக்கொண்டது. கை வந்துவிட்டது. கர்த்தர் செய்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேதி கேட்டு பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். "சிஸ்டர், கர்த்தர் காத்தத இந்த ஞாயிறே எல்லார் முன்னாலயும் சாட்சியா சொல்லுங்க. சபைக்கு ரொம்ப ஆசீர்வாதமா இருக்கும்" என்றார்.

"சொல்லமாட்டேன் ஐயா" என்றேன். "அந்த அட்ட இன்னும் பட்டன்லதான் இருக்கு. ஞாயித்துக்கெழம ஸ்தோத்திரம் சொல்லிட்டு திங்கக்கெழம மறுபடி உள்ள கைய விடவா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் எனக்கு உறைத்துவிட்டது. என்னைக் காப்பதற்கு ஆண்டவர் இரண்டு பட்டன்களைக் கொடுத்திருந்தார். நான் அவருடைய வார்த்தையை வைத்தே ஒன்றை அடைத்துவிட்டு, காப்பாற்றும் என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அன்றோடு ஜெபத்தை மாற்றினேன். "ஆண்டவரே, எனக்கு வாயைக் கொடும்" என்று கேட்டேன். ரிக்‌ஷாக்காரர் வழி மாறிப் போனாலும் வாய் திறக்காதவள் நான். என் ஹிந்தி அந்த லட்சணம்.

என் கணவர் பயந்தார். "ஏட்டி, வேல போயிட்டுன்னா என்ன செய்வ?"

"வேற வேல தேடுவேன். வெரலு போயிட்டுன்னா எங்க போயித் தேட?"

திங்கள்கிழமை அட்டையை உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் அடிக்க ஆரம்பித்தேன். வேகம் பாதியாகக் குறைந்தது. சூப்பர்வைசர் வந்து நின்றார். அட்டை எங்கே என்றார். வைக்கமாட்டேன் என்றேன். அப்படியானால் வீட்டுக்குப் போ என்றார். எனக்குத் தெரிந்த உடைந்த ஹிந்தியில், பட்டறையே கேட்கும்படி சொன்னேன்: "போகமாட்டேன். வேலை செய்வேன். இரண்டு கையால் செய்வேன். ஒரு கையால்தான் செய்ய வேண்டுமென்றால், அந்த மிஷினில் நீங்கள் உட்காருங்கள்." அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே ஆச்சரியம்.

அவர் உட்காரவில்லை. என்னை மூலையில் துரு துடைக்கப் போட்டார். ஒன்பது நாள் துடைத்தேன். கை முழுக்கத் துரு. மதியச் சாப்பாட்டுக்கு யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. ஆண்டவரே, வாயைக் கொடுத்தீர், ஆளைக் கொடுக்கவில்லையே என்று அழுதேன்.

பத்தாம் நாள் சுனந்தாவை என் மிஷினுக்கு மாற்றினார்கள். அவள் என்னை மராத்தி வழக்கப்படி தாயி, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். உட்கார்ந்து பட்டனைப் பார்த்தாள். எழுந்துவிட்டாள். "தாயி எடுத்த அட்டையை நான் வைக்கமாட்டேன்" என்றாள். அடுத்து அனுப்பப்பட்டவளும் மறுத்தாள். ஒருத்தி தன் மிஷினிலிருந்த தீப்பெட்டி அட்டையை உருவித் தரையில் வீசினாள். மதியத்துக்குள் எல்லா மிஷினும் நின்றுவிட்டது.

முதலாளி ஓடி வந்தார். விரல் நசுங்கிய என் கையுறையை அவர் கையில் கொடுத்தேன். வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்தார். இப்போது ஒரு பட்டனை அமுக்கியே வைத்தால் மிஷின் அசையாது. ஒவ்வொரு அடிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு அமுக்க வேண்டும். சூப்பர்வைசர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

பாஸ்டர் ஐயா, இப்போது எழுதிக் கொடுக்கிறேன், சபைப் பத்திரிகையில் போடுங்கள். என் கையைக் காத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம். என் வாயைத் திறந்ததற்கு இரட்டிப்பு ஸ்தோத்திரம். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று நம் சபையிலேயே சிலர் பேசியது காதில் விழுந்தது. குறையவில்லை. இப்போதுதான் அதற்குக் கையும் காலும் வந்திருக்கிறது.

சகோதரரே, நீங்களும் அவரை நம்புங்கள். அவர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு நம்புங்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் உங்கள் வண்டியைப் பாருங்கள். முன்னால் சிலுவை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஹெல்மெட் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். டாங்குக்காகவா ஜெபித்தீர்கள்? எடுத்துத் தலையில் போடுங்கள். வாரை மாட்டுங்கள். பிறகு ஆமென் சொல்லுங்கள்.